நாலு மூலையிலிருந்தும் எடுத்த படம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு விண்ணப்பப் படிவத்தின் ஆறாவது கேள்வியில் பிறந்தது. "மேற்படி காலி மனை தற்போது யாருடைய பயன்பாட்டில் உள்ளது?" என்பது கேள்வி. "யாருடைய பயன்பாட்டிலும் இல்லை" என்று நான் பதில் எழுதினேன். முப்பது வருடமாகக் கதை எழுதுகிறேன். அத்தனையிலும் மறுகேள்வி கேட்காமல் நம்பப்பட்ட வரி இது ஒன்றுதான். மாநகராட்சி அதில் முத்திரையே குத்திக் கொடுத்திருக்கிறது.

எனக்குச் சோர்வாக இருக்கிறது. விறுவிறுப்பாக ஏதாவது வேண்டும் என்பவர்கள் இங்கேயே எழுந்து போய்விடலாம், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

2

முதல் தொடக்கம்: "எங்கள் தெருக்கோடியில், வீடு இடிந்து விழுந்த அந்த மனை பன்னிரண்டு வருடமாக யாருக்காகவோ காத்திருந்தது." மனையாவது காத்திருப்பதாவது. அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "குப்பையும் முள்ளுமாகக் கிடந்த அந்த இடத்தை நாங்கள்" (இதுவும் பொய். குப்பையே கிடையாது. தினமும் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. யார் பெருக்கினார்கள் என்று சொன்னால் கதை ஆரம்பித்துவிடும், அதனால்தான் பாதியில் நிறுத்தினேன்.)

மூன்றாம் தொடக்கம்: அங்கே வெள்ளைப் போர்வைகள் காய்ந்தன.

சரி, இதுவே இருக்கட்டும்.

3

போர்வைகள் இரண்டு மாணவர் விடுதிகளுடையவை. துவைப்பவர் எங்கள் தெருவில் சலவைக்கடை வைத்திருக்கும் அம்மா. தெருவில் அவருக்குப் பெயர் கொடிக்காரம்மா. கடை என்பது ஒரு அறை. அதில் இரண்டு சலவை இயந்திரம் போக அவர் திரும்பி நிற்கத்தான் இடம். காயப்போட வேண்டியதெல்லாம் அந்த மனையில்தான். பின்சுவர் மட்டும் விழாமல் நின்றது. அந்தச் சுவருக்கும் தெருப்பக்கம் நட்ட இரும்புக் குழாய்களுக்கும் நடுவே எட்டுக் கொடி. வெயில் நகர நகர அவர் போர்வைகளைத் திருப்பிப் போடுவதை என் எழுத்து மேசையிலிருந்தே பார்க்கலாம். எழுத வராத நாட்களில் எனக்கு அதுதான் வேலை.

மனைக்கு வாரிசு இல்லை, மாநகராட்சிக்குப் போய்விட்டது. போன வருடம் ஒரு திட்டம் வந்தது. காலி மனையை அந்தத் தெருவாசிகளே கேட்டு வாங்கிப் பொதுவுக்குப் பயன்படும்படி மாற்றலாம். மண், செடி, பெஞ்சு அவர்கள் தருவார்கள். உழைப்பு எங்களுடையது. தெருவின் பல் டாக்டர் எங்களைத் திரட்டினார். படிவத்தை நேராக என்னிடம் கொண்டுவந்தார்.

"கதை எழுதுறவங்க நீங்கதானே, நீங்களே நிரப்பிடுங்க. நல்லா உருக்கமா இருக்கணும்."

4

(இதை அடிக்குறிப்பாகத்தான் போட நினைத்தேன். அக்காவை அடிக்குறிப்பில் போட்டால் யார் பேச்சு வாங்குவது?)

என் அக்கா என்னோடு இருக்கிறாள். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆனது. தினமும் அரை மணி நேரம் சமதரையில் நடக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். தெருவில் வண்டிகள் உரசிக்கொண்டு போகின்றன. அதனால் எங்கள் வீட்டு நடையில் நடக்கிறாள். போகப் பதினாலு அடி, வரப் பதினாலு அடி. ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளிக்கிறாள். மனையில் பூங்கா வந்தால் சுற்றிலும் ஒரு நடைபாதை இருக்கும். படிவத்தில் அந்த நடைபாதையை நான்தான் வரைந்தேன். திருப்பங்களை வளைவாக வரைந்தேன்.

5

நாலு மூலையிலிருந்தும் எடுத்த படம் இணைக்க வேண்டும் என்பது விதி. பல் டாக்டர் கொடிக்காரம்மாவிடம் சொன்னார்: "ஒரே ஒரு நாளைக்குக் கொடியைக் கழட்டிடுங்க. படம் எடுத்துட்டு மறுபடி கட்டிக்கலாம்."

அவர் கழற்றினார். படத்தில் நன்றாக விழவேண்டும் என்று குழாய்களையும் பிடுங்கி வைத்துவிட்டு, தண்ணீர் தெளித்துப் பெருக்கினார். நாங்கள் மனையை அளந்தபோது நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றதும் அவர்தான். இருபது கையெழுத்து வேண்டியிருந்தது, பத்தொன்பதுதான் இருந்தது.

"நானும் இந்தத் தெருதானே," என்று வாங்கிப் போட்டார். வாசிக்கத் தெரியாதவர் இல்லை. கடையில் ஈரத்துணி காத்திருந்தது, அவசரம். நானும் வாசித்துக் காட்டவில்லை. மறுநாள் காலை எட்டுக் கொடியும் பழைய இடத்தில் இருந்தன. நாங்கள் எல்லோரும் அவற்றைப் பார்த்தபடிதான் வேலைக்குப் போனோம்.

6

போன வாரம் அதிகாரி உத்தரவோடு வந்தார். மனை எங்களுக்கு. அடுத்த மாதம் ஒன்றாம் தேதிக்குள் காலியாக இருக்க வேண்டும், உள்ளே யாரும் தொழில் செய்யக் கூடாது. போர்வைகளைப் பார்த்து நின்றார்.

"இது யாரோடதுங்க?"

"என்னோடதுதாங்க. பன்னெண்டு வருஷமா இங்கதான் காயப்போடுறேன்."

அவர் கோப்பைத் திறந்தார். "இது உங்க கையெழுத்துதானே?"

கொடிக்காரம்மா ஈர விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஆறாவது கேள்வியையும் அதன் பதிலையும் நிதானமாக வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

"நீங்க எழுதினதுதானே அக்கா. நீங்களே மாத்தி எழுதிக் குடுத்துடுங்க. இடம் இல்லேன்னா விடுதிக்காரங்க வேற ஆளைப் பாத்துடுவாங்க."

மாற்றலாம் என்றார் அதிகாரி. படிவத்தை நிரப்பியவர் ஏழு நாளுக்குள் திருத்தக் கடிதம் தர வேண்டும். தெரிந்தே தவறாக எழுதினேன் என்று அதில் ஒப்புக்கொள்ள வேண்டும். தந்தால் எங்கள் விண்ணப்பம் ரத்து. மனை கொடிக்காரம்மா பயன்பாட்டிலேயே இருக்கும்.

"ஒரு ஓரமா நாலு கொடி மட்டும் விட்டுட்டு மத்ததைப் பூங்கா ஆக்கலாமே," என்றேன்.

"அதுக்குப் படிவத்துல கட்டம் இல்லீங்க," என்றார். கெட்டவர் இல்லை. அவரும் களைத்துப்போய்த்தான் இருந்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

7

முடிவு ஒன்று: அதிகாரி மனம் மாறி ஒரு கட்டம் சேர்க்கிறார். (மேலே பார்க்கவும்.)

முடிவு இரண்டு: கொடிக்காரம்மாவுக்கு வேறு மனை கிடைக்கிறது. கதையில் கிடைக்கும். நேற்று நான் கால் கடுக்க நடந்து பார்த்தேன். சுற்றுவட்டாரத்தில் நாலு மனை. மூன்றுக்குப் பூட்டு. நாலாவதில் மாடிக்கட்டட நிழல் நாள் பூராவும் விழுகிறது, கைக்குட்டைகூடக் காயாது.

முடிவு மூன்று: நான் கடிதம் எழுதுகிறேன். அக்காவிடம் சொன்னேன். நடையின் கோடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"எழுதப் போறியா?"

"தெரியல அக்கா. நீ நடக்கணுமே."

"என்னைச் சாக்கு வைக்காத. நான் இந்த நடையில நடந்துக்குவேன். பொய் எழுதினேன்னு கையெழுத்துப் போடணும், தெருவுல நாலு பேர் மூஞ்சியைப் பாக்கணும், அதுதான் உனக்குக் கசக்குது."

சொல்லிவிட்டு மெதுவாகத் திரும்பினாள். எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி.

8

இன்று ஏழாவது நாள். மாநகராட்சி அலுவலகத்தில் ஒரு மணி வரைதான் கடிதம் வாங்குவார்கள்.

பத்து மணிக்குக் கொடிக்காரம்மா வாசலில் வந்து நின்றார். மேசையில் இருந்த தாள்களைப் பார்த்தார். நீங்கள் இதுவரை வாசித்த தாள்கள்தான் அவை.

"இவ்வளவா எழுதணும், அந்த ஒரு வரிக்கு?"

"விவரமா எழுதினாத்தான் ஒத்துக்குவாங்க," என்றேன்.

"நிதானமா எழுதுங்க அக்கா. அவசரத்துல எழுதி மறுபடி தப்பாயிடப் போகுது." எனக்காகத் தேநீர் வாங்கி வந்து வைத்துவிட்டுப் போனார்.

இப்போது பன்னிரண்டு மணி. தேநீர் ஆறிவிட்டது. கடிதத்துக்கு நாலு வரி போதும்:

ஆறாவது கேள்விக்கு நான் எழுதிய பதில் தவறு. தெரிந்தே எழுதினேன். அந்த மனையில் பன்னிரண்டு வருடமாக

மிச்சத்தை வாசகர் முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிக் கைகழுவுவது கதை எழுதும் எங்கள் ஆட்களுக்குப் பழக்கம். நான் சொல்லப் போவதில்லை. அந்தப் படிவத்தில் என்னையும் சேர்த்து இருபது பேர் கையெழுத்துப் போட்டோம். வாசிக்காமல் போட்டவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லோரும் ஆறாவது கேள்வியையும் பதிலையும் வாசித்தார்கள், பல் டாக்டரும் அக்காவும் உட்பட. வாசித்துவிட்டு, பேனா எங்கே என்று கேட்டார்கள்.

நீங்களும் இப்போது வாசித்துவிட்டீர்கள். ஜன்னலுக்கு வெளியே அவர் போர்வைகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறார். அலுவலகத்துக்கு நடந்து போனால் இருபது நிமிடம்.