மதியழகன் படுத்துப் பார்த்த வண்டி

அந்த வண்டியைப் பார்த்தாலே ஜெஸ்ஸிக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊர் உலகத்தில் ஆம்புலன்ஸ் என்றால் ஒரு ஆள் படுக்கவும், இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்கவும் இடம் இருக்கும். திண்டுக்கல்லில் அவள் நர்ஸாக இருந்த அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் மட்டும், காய்கறி ஏற்றுகிற குட்டி வேனுக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்து, உச்சியில் சிவப்பு விளக்கை மாட்டிவிட்டு, அதையே ஆம்புலன்ஸ் என்றார்கள்.

எல்லாம் செயலாளர் மதியழகனின் வேலை. காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருந்தவர். நல்ல மனுஷன்தான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் எதைப் பார்த்தாலும் அவருக்குத் தக்காளிப் பெட்டி ஞாபகம்தான்.

“அம்புட்டுத் தக்காளி நசுங்காம போற வண்டியில ஒரு மனுசன் போகமாட்டானா?” என்று கேட்டார். கேட்டதோடு விட்டாரா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் தானே ஏறிப் படுத்து, “சொகமா இருக்கு” என்று சர்டிபிகேட்டும் கொடுத்துவிட்டார். மனுஷன் குள்ளம். வண்டியோ நின்றுகொண்டிருந்தது. சுகமாக இல்லாமல் என்ன செய்யும்?

ஜெஸ்ஸி அன்றைக்கே சொன்னாள். “ஆக்சிஜன் சிலிண்டரையும் என் சீட்டையும் பின்கதவுகிட்ட வச்சிருக்கீங்க சார். அப்ப நோயாளியோட தலை பின்னால இருக்கணும். காலை முன்னால விட்டுத்தான் ஏத்தணும். நம்ம பக்கத்துல எவன் சார் அதுக்குச் சம்மதிப்பான்?”

“கனமான சாமான் கதவுகிட்ட இருந்தாத்தாம்மா இறக்க வசதி.”

சிலிண்டரை யார் இறக்கப் போகிறார்கள்? சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

அப்புறம் ஒருநாள் மத்தியானம் குஜிலியம்பாறைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து போன் வந்தது. தீபா என்ற பெண்ணுக்கு வீட்டிலேயே பிரசவமாகி, பிள்ளை நன்றாக இருக்கிறது, தாய்க்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. டிரைவர் சோலைமுத்து வண்டியைப் பறக்கவிட்டான். அந்தத் தெரு இருந்த அகலத்துக்குப் பெரிய வண்டி முனையிலேயே நின்றிருக்கும். இது சந்துக்குள் நுழைந்து தீபாவின் வாசலிலேயே போய் நின்றது. அதை ஜெஸ்ஸியும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஊசியைப் போட்டு, டிரிப்பை ஏற்றி, அடிவயிற்றைப் பிசைந்து பிசைந்து கருப்பையைக் கெட்டியாக்கினாள். கையை எடுத்தால் அது மறுபடி தளர்ந்தது, ரத்தம் கொட்டியது. ஆஸ்பத்திரி போய்ச் சேருகிறவரை கையை எடுக்கக் கூடாது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஸ்ட்ரெச்சரை வண்டிக்குள் தள்ளப்போன நேரத்தில் மாமியார் பழனியம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

“ஏலே, நிறுத்துங்கடா! உசுரோட இருக்கவளக் கால முன்னால விட்டு ஏத்துறீங்களே, என்ன பொணமா தூக்குறீங்க?”

“ஏம்மா, தலை பின்னால இருந்தாத்தான் ஆக்சிஜன் எட்டும். நானும் அங்கதான் உக்காரணும்.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது தாயி. எம் மகன் திருப்பூர்ல இருக்கான். வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?”

தெருவே கூடிவிட்டது. ஆளாளுக்கு நியாயம் பேசினார்கள். தீபாவின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. மதியழகனை மனதுக்குள் கரித்துக்கொட்டியபடி ஜெஸ்ஸி ஸ்ட்ரெச்சரைத் திருப்பச் சொன்னாள்.

தலை முன்னால் போனது. பின்கதவருகே இருந்த சீட்டிலிருந்து பார்த்தால் தீபாவின் பாதம்தான் கைக்கு எட்டியது. பாதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? இனி எட்டாமல் இடத்தை மட்டும் அடைக்கிற சிலிண்டரை வாசலிலேயே இறக்கிப் போட்டுவிட்டு, ஸ்ட்ரெச்சருக்கும் தகரத்துக்கும் நடுவே சக்கரம் புடைத்திருந்த மேட்டின்மேல் ஜெஸ்ஸி மண்டியிட்டாள். நிமிர்ந்தால் கூரை இடித்தது. குனிந்த வாக்கிலேயே இரண்டு கைகளையும் தீபாவின் வயிற்றில் வைத்தாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு, காலியான சீட்டில் பழனியம்மாள் ஏறி உட்கார்ந்தாள்.

“அண்ணே, மெதுவா!” என்று ஜெஸ்ஸி கத்தினாள்.

“மெதுவாப் போனா எப்ப சிஸ்டர் போய்ச் சேர்றது?” என்றான் சோலைமுத்து. அதுவும் நியாயம்தான்.

பள்ளத்துக்குப் பள்ளம் வண்டி துள்ளியது. முதல் வளைவில் ஜெஸ்ஸி சரிந்தாள், கை விலகியது, துணி நனைந்தது. “ஐயோ, ஆண்டவரே!” என்று அவள் அலறியதைக் கேட்ட பழனியம்மாள் சீட்டை விட்டு இறங்கினாள். தரையில் குந்தி, ஜெஸ்ஸியின் இடுப்பைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

“நீ அமுக்கு தாயி. ஒன்னைய நான் விடமாட்டேன்.”

எரியோடு என்ற ஊரைத் தாண்டும்போதே ஜெஸ்ஸியின் முழங்கால் மரத்துப் போயிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அவளைத் தூக்கித்தான் இறக்கினார்கள். தீபாவுக்கு ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டாள்.

தீபா எழுந்து உட்கார்ந்த அன்றைக்குப் பழனியம்மாள் கதம்ப மாலையோடு வந்தாள். வந்தவள் மாலையைக் கொண்டுபோய் வண்டிக்குப் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டாள். வலிக்கிற தோளைத் தடவிக்கொண்டு ஜெஸ்ஸி பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

மதியழகனுக்கு வாயெல்லாம் பல். “பாத்தியாம்மா, என் வண்டி ஒரு உசுரக் காப்பாத்திருச்சு! இதே மாதிரி இன்னொண்ணு சொல்லிட்டேன். சிறுமலைக்குன்னே தனியா ஒண்ணு.”

ஜெஸ்ஸிக்குச் சுருக்கென்றது. வார்டுக்குள் போய் ஒரு தலையணையை எடுத்து வந்து ஸ்ட்ரெச்சரின் நடுவே போட்டாள்.

“ஏறுங்க சார்.”

“எதுக்கும்மா?”

“அன்னைக்குப் படுத்துப் பாத்தீங்கள்ல, இன்னைக்கு என் எடத்துல இருந்து பாருங்க. இந்தத் தலகாணிதான் தீபா. ரெண்டு கையையும் வச்சு அமுக்கணும். திரும்பி ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் எடுக்கக் கூடாது.”

சிரித்துக்கொண்டேதான் ஏறினார். சக்கர மேட்டில் மண்டியிட்டதும் அந்தச் சிரிப்பு பாதியானது. ஜெஸ்ஸி பின்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். “அன்னைக்கு மாதிரியே ஓட்டுங்கண்ணே” என்றாள். சோலைமுத்து கிளப்பினான்.

தெருமுனை வேகத்தடையில் வண்டி எகிறியது. “யம்மாடி!” என்று மதியழகன் இரண்டு கையாலும் கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“கையை எடுத்துட்டீங்க சார்” என்றாள் ஜெஸ்ஸி. “தீபா செத்துட்டா.”

மதியழகன் தலையணையைப் பார்த்தார். கம்பியை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் திரும்பத் தலையணைமேல் வைத்து அழுத்தினார். கூரையில் தலை இடித்தது, முழங்கால் தேய்ந்தது, கையை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்ற பிறகும் எடுக்கவில்லை.