அத்தையும் ஆலாக்களும்

ஐந்தரைக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். குளித்தேன். ஜாம் தடவி இரண்டு துண்டு பிரெட் தின்றேன். விடுதியின் அடுத்த அறைக் கதவைத் தட்டி, அத்தைக்கு வாந்தி மாத்திரை கொடுத்தேன். ஏழு மணிக்குப் படகு.

அத்தை என் மாமியார். கடல் அவருக்கு ஆகாது. பறவை அதைவிட ஆகாது. ஆனாலும் வந்துவிட்டார். தப்பு என்னுடையது. மூன்று மாதத்துக்கு முன் ஆஸ்பத்திரி வராந்தாவில், "கடைசியா என் பொண்ணு என்ன சொன்னா?" என்று கேட்டார். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "உங்களைத் தீவுக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னா" என்றேன். அவள் தனக்கும் எனக்கும் பதிவு செய்து வைத்திருந்த பயணம் அது.

தீவில் மரமே இல்லை. கரும்பாறை, காற்று, ஆயிரக்கணக்கில் ஆலாப் பறவைகள். முட்டையிடும் பருவம். படகுக்காரர் ஆளுக்கொரு கம்பு கொடுத்தார்.

"தலைக்கு மேல பிடிங்க. எது உசரமோ அதைத்தான் கொத்தும்."

அத்தை காதில் காற்றுதான் விழுந்திருக்கும். கம்பை ஊன்றி நடந்தார்.

"ஐயோ மாப்பிள்ளை! மண்டையப் பொளக்குது!"

"கம்பைத் தூக்குங்க அத்தை!"

"தூக்கினா நான் விழுந்துடுவேன்!"

"சார், உங்க கம்பை அம்மாவுக்கும் சேர்த்துப் பிடிங்க" என்றார் படகுக்காரர்.

பிடித்தேன். ஒரு ஆலா குறி பார்த்து என் தொப்பியில் எச்சமிட்டது. அத்தை சிரித்தார். கீழே பாறையில் கடல்நாய்கள் மல்லாந்து கிடந்தன.

"சாப்பிட்டுப் படுத்த உங்க மாமா மாதிரியே இருக்கு."

அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"எனக்குக் கோழின்னாலே பயம். அது அவளுக்குத் தெரியும். என்னை இங்க அனுப்பியிருக்க மாட்டா. நிஜமா என்ன சொன்னா?"

பொய் என்று தெரிந்தே, படகில் வாந்தியும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"பெரிசா ஒண்ணுமில்ல அத்தை."

"சின்னதாவே சொல்லுங்க. எனக்கு அது வேணும்."

கை வலித்தது. கம்பை இறக்கவில்லை. அவள் கட்டிலில் படுத்திருந்தாள், நான் டீ குடிக்கக் கிளம்பினேன், திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது என்றேன். கிளம்பும்போது அவள் சொன்னதையும் அப்படியே சொன்னேன்.

"போறதே போற, சார்ஜரப் பிடுங்கிட்டுப் போயிடாத. எட்டு பர்சென்ட்தான் இருக்கு."