நாற்பத்திரண்டு நாற்காலிகள்

ராஜேஷ்குமார் ஊழியத்தை விடப்போகிறான் என்ற செய்தி போதகர் ஐக்கியத்தின் வாட்ஸப் குழுவில் வந்தபோது, அறிவுச்செல்வன் தோசையைப் பிட்டுக்கொண்டிருந்தார். படித்தார். மறுபடி படித்தார். அப்புறம் இன்னும் இரண்டு தோசை கேட்டார்.

"இன்னாங்க விசேஷம்?" என்றாள் தங்கமணி. ஒன்றரை தோசைக்கு மேல் தாண்டாத மனிதரைக் கட்டிக்கொண்டவள்.

"மலையில ஒரு போதகர் சோர்ந்து போயிட்டாராம். போய்த் திடப்படுத்தணும்."

"யாரு?"

சொன்னார். தங்கமணி தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள். "திடப்படுத்தப் போறீங்களா, தீர்த்துக்கட்டப் போறீங்களா?"

அவர் எழுந்தார். கை கழுவப் போனார்.

கள்ளக்குறிச்சி சுற்றுவட்டாரத்தில் இருபது பேர், ஐம்பது பேர், மிஞ்சினால் நூறு பேர் கூடும் சபைகளின் போதகர்களுக்கு அறிவுச்செல்வன்தான் ஐக்கியத் தலைவர். யாராவது துவண்டால் பைக்கை எடுத்துக்கொண்டு போய் நிற்பார். மணலூர்பேட்டையில் ஒரு போதகரின் ஓட்டுக்கூரையைக் காற்று பிய்த்துப் போட்டபோது, மூன்று நாள் அங்கேயே தங்கி ஓடு மாற்றிக் கொடுத்தவர். அவர் பேசினால் செத்த அடுப்பும் பற்றிக்கொள்ளும் என்பார்கள்.

ஆனால் ராஜேஷ்குமார் விஷயம் வேறு.

எட்டு வருஷத்துக்கு முன் தியாகதுருகத்தில் அறிவுச்செல்வனின் சபையில் அவன் உதவிப் போதகன். மலையிலிருந்து இறங்கி வந்த பையனை வீட்டிலேயே வைத்துச் சோறு போட்டு, பிரசங்கம் பண்ணக் கற்றுக்கொடுத்தார். அவருக்கு மஞ்சள்காமாலை வந்து ஒரு மாசம் படுத்த படுக்கையானார். அந்த ஒரு மாசம் அவனுக்குப் போதுமாக இருந்தது. எழுந்து, கம்பு ஊன்றி, முதல் ஞாயிறு சபைக்குப் போனார். உள்ளே ஒரு நாற்காலி இல்லை, வெறும் சிமெண்டுத் தரை. ஒரே ஒரு விசுவாசி. அவருக்கும் காது கேட்காது.

சபையார் ஆளுக்கொன்றாய்க் கொடுத்த நாற்காலிகள் அங்கே இருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் 'அன்பளிப்பு' என்று போட்டுக் கொடுத்தவர் பெயரைப் பெயிண்டில் எழுதியிருந்தது. நாற்பத்திரண்டையும் வேனில் ஏற்றிக்கொண்டு, ஆட்களையும் கூட்டிக்கொண்டு, நாலு தெரு தள்ளிப் புதுச் சபை தொடங்கியிருந்தான் ராஜேஷ்குமார்.

அந்தச் சபை மூன்று வருஷத்தில் உடைந்தது. அவன் மலைக்கே திரும்பினான். நாற்காலிகள் பந்தல் கடைக்குப் போயின. ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரப்போன அறிவுச்செல்வன், முன்னால் இருந்த நாற்காலி முதுகில் 'அம்சவள்ளி குடும்பம்' என்று பார்த்தார். சாப்பிடாமல் எழுந்து நேரே பந்தல் கடைக்குப் போனார். நாற்பத்திரண்டையும் வாங்கி, சபைக்குப் பின்னாலிருந்த அறையில் அடுக்கிப் பூட்டினார். அது ஐந்து வருஷக் கதை.

இப்போது ராஜேஷ்குமாருக்கு அதே வைத்தியத்தை வேறொருவன் செய்துவிட்டான். அவனுடைய உதவியாள் பிரவீன்குமார் பக்கத்து ஊரில் தனிச் சபை தொடங்க, மிச்சம் பதினாலு பேர். ராஜேஷ்குமார் திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் ஓடிப்போகிறவனுக்கு வலிக்காது என்பது அறிவுச்செல்வனுக்குத் தெரியும். வாராவாரம் காலியிடத்தைப் பார்த்துப் பிரசங்கம் பண்ணுவதுதான் வலி. அவர் அதை ஒரு வருஷம் பண்ணியிருந்தார். இவனும் பண்ணட்டும்.

போன் போட்டார். "பாஸ்டர், ஊழியத்தை விட்டுடாதீங்க. ஞாயித்துக்கெழமை நான் வரேன். உங்க சபைக்கு ஒரு அன்பளிப்பும் கொண்ணாரேன்."

மறுமுனையில் அழுகைச் சத்தம் கேட்டது. "ஐயா, நீங்களா எனக்குப் போன் பண்றீங்க?"

"நான் பண்ணாம வேற யார் பண்ணுவாங்க?" என்றார். குரலில் தேன் வழிந்தது.

ஞாயிறு விடியற்காலை, அறைப் பூட்டு துருப்பிடித்துத் திறக்கவில்லை. குட்டியானை லாரி ஓட்டும் கொளஞ்சியப்பன் கல்லால் அடித்து உடைத்தான். நாற்காலிகள் ஏறின. கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி வண்டி மலையேறியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பின்னால் நாற்காலிகள் கடகடவென்று ஆடின.

வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம், தகரக் கூரை போட்ட சபை. ராஜேஷ்குமார் ஓடிவந்து வணக்கம் சொல்லி, தார்ப்பாயை அவிழ்த்தான். முதல் நாற்காலியை இறக்கியவன் அதைத் திருப்பிப் பார்த்து அப்படியே நின்றான்.

"இன்னா பாஸ்டர், கனக்குதா?" என்றார் அறிவுச்செல்வன்.

"இல்லீங்க ஐயா."

நாற்பத்திரண்டையும் அவனே இறக்கினான். அவனே வரிசையாகப் போட்டான். ஒவ்வொரு பெயரும் அவன் கை வழியாகப் போவதை அறிவுச்செல்வன் வாசலில் நின்று ரசித்தார். இனி சனிக்கிழமை போடும்போது ஒரு தடவை, ஞாயிறு எடுத்து அடுக்கும்போது ஒரு தடவை. வருஷம் முழுக்க.

பதினாலு பேர் வந்து ஆளுக்கொரு மூலையாய் உட்கார்ந்தார்கள். எப்போதும் பாயில் உட்காருகிறவர்களுக்கு நாற்காலி கூச்சமாக இருந்தது. இருபத்தெட்டு காலி.

"ஐயா, நீங்க செய்தி கொடுங்க," என்றான் ராஜேஷ்குமார்.

"உங்க சபை. நீங்க பேசுங்க. நான் கடைசியில உக்காந்து கேக்கறேன்."

அவன் வேதாகமத்தைத் திறந்தான். இரண்டு வசனம் வாசித்தான். மூன்றாவதில் குரல் நின்றது. தண்ணீர் குடித்தான். மறுபடி தொடங்கினான், மறுபடி நின்றது. கண் காலி நாற்காலிகளின் மேல் ஒவ்வொன்றாய்ப் போய்க்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் அறிவுச்செல்வன் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டார். எட்டு வருஷத்தில் இப்படி ஒரு பிரசங்கத்தை அவர் கேட்டதில்லை.

ராஜேஷ்குமார் வேதாகமத்தை மூடினான்.

"இந்த நாற்காலிங்க எனக்குத் தெரியும்," என்றான். "ஐயா காமாலையில கெடந்தப்போ அவரு சபையில இருந்து நான் வேன்ல ஏத்திக்கினு போனது. ஆளுங்களையும் இட்டுக்கினு போனேன். உங்ககிட்ட இத்தினி வருஷமா சொல்லல."

முன்வரிசையில் சாமியம்மாள், சபை தொடங்கிய நாளிலிருந்து வருகிறவள், தினைக்கொல்லையில் வேலை செய்து காய்த்துப்போன கையால் நாற்காலியைத் தடவிப் பார்த்தாள்.

"அப்ப இது திருடினதா?"

"ஆமாக்கா."

எழுந்துவிட்டாள். "இம்மாம் நேரம் இதுல உக்காந்துனு இருந்தேனே."

"அதான் பாஸ்டரு, பிரவீன்குமாரு உனக்கு அசலும் வட்டியுமா செஞ்சிட்டுப் போனான்," என்றான் அவள் புருஷன் மாதன். இரண்டு பேர் சிரித்தார்கள்.

சாமியம்மாள் சிரிக்கவில்லை. பின்னால் திரும்பினாள். "ஏங்க ஐயா, இது திரும்ப உங்க கைக்கு வந்து எத்தினி நாளாச்சு?"

"அஞ்சு வருஷம்."

"அஞ்சு வருஷமா எங்க பாஸ்டருக்குன்னு வெச்சினு இருந்தீங்களா?"

அறிவுச்செல்வன் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார்.

ராஜேஷ்குமார் இறங்கி வந்து அவர் முன்னால் நின்றான். "ஐயா, என்னை மன்னிச்சிடுங்க."

"கர்த்தர் மன்னிப்பார்," என்றார்.

"கர்த்தர் சரி," என்றாள் சாமியம்மாள். "நீங்க?"

அவர் எழுந்து வெளியே நடந்தார்.

பின்னாலேயே நாற்காலிகள் வந்தன. பதினாலு பேரும் ஆளுக்கு இரண்டு மூன்றாய்த் தூக்கிவந்து வண்டியில் ஏற்றினார்கள். சாமியம்மாள் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது: "நீ செஞ்சது தப்புதான். அதுக்குத் திருப்பூருக்குப் போனா சரியாப்பூடுமா? போ, போய்ப் பாயை விரி. பாதியில நிக்குது பாரு செய்தி."

கடைசி நாற்காலியோடு ராஜேஷ்குமார் வந்தான். முதுகில் அவன் பெயரே இருந்தது. உதவிப் போதகனாய்ச் சேர்ந்த புதிதில் அவனே கொடுத்தது.

"இது ஒண்ணை நான் வெச்சிக்கட்டுமா ஐயா? ஞாபகத்துக்கு."

"ஏத்து," என்றார் அறிவுச்செல்வன். "நாப்பத்திரண்டும் வரணும்."

ஏற்றினான். கும்பிட்டான். உள்ளே போனான். வண்டி கிளம்பும்போது பாட்டுச் சத்தம் தொடங்கியிருந்தது. பதினாலு பேர் பாடுகிற மாதிரி இல்லை, அவ்வளவு பலமாக இருந்தது.

பாதி மலையில் ஐக்கியச் செயலாளர் சிவசங்கர் போன் பண்ணினார். "அண்ணே, ஆளு எப்படி? திடப்பட்டானா?"

"திடப்பட்டுட்டான். இனிமே யாரும் அவனை அசைக்க முடியாது."

"உங்களால மட்டும்தாண்ணே இது முடியும்."

போனை அணைத்தார். வளைவில் நாற்காலிகள் கடகடத்தன. கொளஞ்சியப்பன் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே கேட்டான். "எங்க ஐயா இறக்கறது? புள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடம் ஏதாச்சும்?"

"பழைய ரூம்லதான்."

"பூட்டை ஒடச்சிட்டமே."

அறிவுச்செல்வன் ஜன்னல் வழியே கீழே தெரிந்த கரும்புக் கொல்லைகளைப் பார்த்தார்.

"கச்சிராயபாளையத்துல நிறுத்து," என்றார். "பூட்டு ஒண்ணு வாங்கணும். துருப்பிடிக்காததா."