தர்மிளாவுக்கு வந்த நடுக்கம்

அன்றைக்குத் தர்மிளா கோவிலுக்குப் போயிருக்கவே கூடாது. காலையில் கட்டிலை விட்டு எழும்பியதுமே கண் இருட்டிவிட்டது. அலுமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நிக்கிறியோ, விழப்போறியோ?" என்று புருசன் கிருபன் வாசலில் நின்று கேட்டான்.

"நிக்கிறன்" என்றாள்.

ஒப்பரேசன் முடிந்து ஏழாவது கிழமை. காலையில் நாலு கரண்டிக் கஞ்சி, பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். குசினிக்கும் கிணற்றடிக்கும் இடையில் இரண்டு தரம் குந்தி எழும்ப வேண்டியிருந்தது. ஆனாலும் ஜெயபுரத்து அம்மனுக்குப் பொங்குகிற நாளில் வீட்டில் கிடந்தால் ஊர் ஏன் என்று கேட்கும். அதற்குப் பதில் சொல்வதைவிட நடந்துபோவது லேசு என்று அவளுக்குப் பட்டது.

கொழும்பில் அவளுடைய இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்திருந்தார்கள். உடம்பு நூற்றி இருபத்தெட்டுக் கிலோவுக்குப் போயிருந்தது. சீனி வருத்தம் வேறு. முப்பத்தாறு வயதில் முழங்கால் இரண்டும் மடங்க மறுத்தன. டொக்டர் இதுதான் வழி என்றபோது அவள் தலையாட்டினாள். ஊரில் மட்டும் வயிற்றில் ஒரு கட்டி என்று சொல்லி வைத்திருந்தாள். கடைசிச் சண்டையில் ஒரு கோப்பைக் கஞ்சிக்காக வரிசையில் நின்ற சனம் இது. அவளும் அந்த வரிசையில் நின்றவள்தான். சாப்பாட்டைக் குறைக்க வயிற்றை வெட்டினேன் என்று அவர்களிடம் எந்த வாயால் சொல்வது?

கோவிலில் பக்கத்து வீட்டு ஜெயரூபி வாழையிலைத் துண்டில், அம்மனுக்குப் பொங்கிய சக்கரைப் புக்கையோடு வந்தாள்.

"எனக்கு வேண்டாமடி. இனிப்பு ஒத்துக்கொள்ளாது."

"அம்மன்ர புக்கை, வேண்டாமெண்டு சொல்லக்கூடாது. கட்டி எடுத்ததில பாதியாப் போனாய். வாயைத் திற."

சுற்றி நின்ற பெண்கள் பார்த்தார்கள். தர்மிளாவுக்கு வாதாடத் தெம்பில்லை. இரண்டு வாய் விழுங்கினாள்.

கால் மணித்தியாலம் போயிருக்காது. முதலில் நெஞ்சு படபடவென்று அடித்தது. பிறகு முகம் கொதித்து, முதுகெல்லாம் வியர்வை ஊற்றியது. விரல்கள் நடுங்கத் தொடங்கி, அந்த நடுக்கம் தோளுக்கு ஏறியது. இனிப்புச் சாப்பிட்டால் இப்படி வரும், படுத்தால் அடங்கும் என்று டொக்டர் சொல்லித்தான் விட்டிருந்தார். படுக்க இடம் தேடினாள். உள்ளே உடுக்குச் சத்தம் உச்சத்தில் இருந்தது. கொண்டை அவிழ, தலை முன்னால் தொங்க, அப்படியே மணலில் குந்திவிட்டாள்.

"தர்மிளாவுக்குச் சாமி வந்திட்டுது!" என்று யாரோ கத்தினார்கள்.

சனம் சூழ்ந்துகொண்டது. பூசாரி பழனியாண்டி வேப்பிலையோடு ஓடிவந்து அவள் நெற்றியில் திருநீற்றை அள்ளிப் பூசினார்.

"ஆரு வந்திருக்கிறது? சொல்லு தாயே!"

இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. அவள் தலையை அசைக்க, அது சாமியாட்டமாகவே தெரிந்தது. உடுக்கு இன்னும் கிட்ட வந்தது.

அப்போதுதான் நாகேஸ்வரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வாய்க்கால் கரை வீட்டுக்காரி. முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு மகன் சுகிர்தனைக் காணாமல், அவனுடைய படத்தோடு எல்லாப் போராட்டத்துக்கும் போய் வருகிறவர். முழங்காலில் விழுந்து தர்மிளாவின் நடுங்குகிற கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பிடித்தார்.

"அம்மாளாச்சி, என்ர பிள்ளை வருவானோ? ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. அது காணும்."

உடுக்கு நின்றது. வருவான் என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். தர்மிளா அந்த முகத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். அந்தச் சொல் வரவில்லை.

"மாமி... நான் சாமியில்லை. தர்மிளா" என்றாள். "கட்டியும் இல்லை. உடம்பைக் குறைக்க வயித்தை வெட்டிச் சின்னனாக்கினது. இனிப்புச் சாப்பிட்டா இப்பிடித்தான் நடுங்கும்."

யாரோ ஒருத்தி சிரித்தாள். பழனியாண்டி வேப்பிலையைக் கீழே விட்டார். நாகேஸ்வரி மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டு, சீலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, யாரையும் பார்க்காமல் போய்விட்டார்.

மடப்பள்ளிக்குப் பின்னால், அரிசிச் சாக்குகளுக்குப் பக்கத்தில், ஜெயரூபி அவளைப் பாயில் கிடத்தினாள். "எனக்காவது சொல்லியிருக்கலாம். நானெல்லோ புக்கையைத் தீத்தினது" என்று அழுதாள். பிறகு கிருபனுக்கு போன் எடுக்க வெளியே போனாள். தர்மிளா கண்ணை மூடிக் கிடந்தாள். நெஞ்சின் அடி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. களைப்பு மட்டும் இறங்கவில்லை.

பக்கத்தில் யாரோ வந்து குந்துகிற சத்தம். நாகேஸ்வரி.

"வருவான் எண்டு சொல்லியிருக்கலாம், பிள்ளை."

"பொய்யெல்லோ மாமி."

"அது எனக்குத் தெரியும். நான் போகாத கோவிலில்லை. எல்லா இடத்திலயும் வருவான் எண்டுதான் சொன்னவை." அவர் சீலைத் தலைப்பால் தர்மிளாவுக்கு விசிறத் தொடங்கினார். "அண்டண்டைக்கு இரவு மட்டும் நல்லா நித்திரை வரும். அதுக்குத்தான் கேக்கிறது."

"குறை நினைக்காதேங்கோ" என்றாள் தர்மிளா.

"நினைச்சுத்தான் போனனான். பிறகு பாத்தா, உனக்கு ஏலாமல் கிடக்கு." விசிறல் நின்று, மறுபடி தொடங்கியது. "இந்தக் கோவிலில மட்டும்தான் ஆரும் எனக்குப் பொய் சொல்லேல்லை. அந்த உண்மையை வைச்சுக்கொண்டு வீட்டை போய் என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை."

கிருபன் வரும்வரை நாகேஸ்வரி விசிறிக்கொண்டே இருந்தார். அவன் வந்ததும் முழங்காலில் கையூன்றி எழும்பி, "வெயில் ஏறமுதல் கூட்டிக்கொண்டு போ, தம்பி" என்று சொல்லிவிட்டுத் தன் வழியே நடந்தார்.

மோட்டார் சைக்கிளில் ஏறி இருக்கத் தர்மிளாவுக்குப் பயமாக இருந்தது. கிருபன் அதை உருட்டிக்கொண்டு வர, அவள் சீற்றைப் பிடித்தபடி நடந்தாள். வழியில் இரண்டு மதகுகளில் குந்திக் களைப்பாறி எழும்பினார்கள்.

"எல்லாருக்கும் சொல்லிப்போட்டியாம்?" என்று கிருபன் கேட்டான்.

"ஓம்."

"என்ன சொல்லுகினம்?"

"தெரியாது. கெதியா உருட்டாதேங்கோ, எனக்கு ஏலாது."

அவன் நின்று, அவள் கிட்ட வந்த பிறகு உருட்டினான்.