விரித்த கை

போலீஸ்காரன் மாதிரி டார்ச் வெளிச்சத்தை மகனின் முகத்தில் அடித்தாள் லவெர்ன். "எங்க, கையைக் காட்டு."

குவின்சியின் கை நேராகப் பாக்கெட்டுக்குள் போனது.

"செத்துட்டடா," என்றாள். அடுப்பில் மீன் கருகியும் இருவரும் நகரவில்லை.

"மெரிடித் மேடம் சொன்னாங்கம்மா. பயம் வந்தா பந்தை அமுக்கணும்னு."

பத்தொன்பது வயது, ஆறடிக்கு மேல் வளர்த்தி. ஆட்டிசம் உள்ள பிள்ளை. பயந்தால் இரண்டு கைகளும் படபடவென்று அடித்துக்கொள்ளும். அதற்காகத்தான் மனநலச் சிகிச்சை தரும் வெள்ளைக்காரப் பெண்மணி மெரிடித் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, பாக்கெட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். நல்ல மனுஷிதான். ஆனால் மெம்பிஸில் எங்கள் தெருவில், போலீஸ்காரன் முன்னால் ஒரு கறுப்புப் பையன் பாக்கெட்டுக்குள் கைவிட்டால் என்ன ஆகும் என்பது நடைபழகும் குழந்தைக்கும் தெரியும். வெள்ளைக்காரப் பிள்ளையிடம் என்ன எடுக்கிறாய் என்று கேட்பார்கள். எங்கள் பிள்ளைகளிடம் கேட்பதில்லை, துப்பாக்கி எடுக்கிறான் என்று சுட்டுவிடுவார்கள்.

மறுநாள் குவின்சியையும் கூட்டிப்போய், மெரிடித்தின் மேஜைமேல் பந்தை வைத்தாள் லவெர்ன்.

"இது வேண்டாங்க."

"உங்க பயத்தை அவன் தலையில ஏத்துறீங்க லவெர்ன். இதனால அவனுக்கு எவ்வளவு முன்னேற்றம் தெரியுமா?"

"தெரியும். வீட்டுல நல்லாத்தான் அமுக்குறான். நீங்க கடைசியா போலீஸைப் பாத்துப் பயந்தது எப்பங்க?"

மெரிடித் யோசித்தாள். வேகமாக வண்டி ஓட்டியதற்கு ஒருமுறை நிறுத்தினார்களாம். கைப்பையைத் துழாவி லைசென்ஸ் எடுப்பதற்குள், அந்த ஆளே போகச் சொல்லிவிட்டானாம். சொல்லும்போது சிரித்தாள். லவெர்ன் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டாள்.

"கையை விரிச்சு வெச்சுக்கிட்டே மனசை அடக்குறதுக்கு ஒரு வழி சொல்லிக் குடுங்க. அதுக்குத்தான் வந்தேன். உங்களுக்குத் தெரியலேன்னா, இந்தப் படிப்புப் படிச்ச எங்க சனம் யாராச்சும் இருந்தா அவங்ககிட்ட அனுப்புங்க."

"ஒரே ஒருத்தர்தான் இருக்காங்க. ஒரு வருஷமாவது காத்திருக்கணும்."

"காத்திருக்கோம். பேரைச் சேத்துருங்க."

மெரிடித்துக்கு உண்மையிலேயே மனம் கேட்கவில்லை. இழுப்பறையைத் திறந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து நீட்டினாள். 'எனக்கு ஆட்டிசம் இருக்கிறது. பொறுமையாகப் பேசவும்' என்று அச்சடித்திருந்தது.

"அதுவரைக்கும் போலீஸ் நிறுத்தினா இதை எடுத்துக் காட்டட்டும்."

லவெர்ன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சரிங்க. இதை அவன் எங்க வெச்சுக்குவான்?"

மெரிடித் வாயைத் திறந்தாள்.

விடை தெரிந்த சந்தோஷத்தில் குவின்சி முந்திக்கொண்டான். "பாக்கெட்டுலதாம்மா."