கண் சிமிட்டாத முகம்

பாகூர் டெண்ட் கொட்டகையில் பதினான்கு வருஷமாகப் படம் ஓட்டிய காஜா மொய்தீன், ஒரு படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை என்றால் யார் நம்புவார்கள்? ஆபரேட்டருக்குக் கண் மெஷின் மேல்தான். ஓடுகிற பிலிம் மாட்டிக்கொண்டு நின்றதோ, போச்சு! பல்பு சூட்டில் அந்த இடம் கொப்பளித்து, திரையில் கதாநாயகன் மூஞ்சி உருகி வழியும். சித்திரையில் அப்படித்தான் ஆனது. ஜனம் ஆத்திரத்தில் திரையையே கிழித்துவிட்டது. "இன்னொரு தபா பிலிம் வெந்துது, நீ வூட்டுக்குப் போயிடணும் பாய்" என்று முதலாளி ஆதிமூலம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

எழுபத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில், புதுச்சேரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் மதாம் ஒருத்தி பிலிம் டப்பாவோடு வந்தாள். அமெரிக்காவில் ஓர் ஓவியராம். சூப் டின்னையும் சோடா பாட்டிலையும் கதவு உயரத்துக்கு வரைந்து பேர் வாங்கியவராம். அவர் எடுத்த சினிமாவாம். பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது, நாலே நிமிஷம். இந்த ஊர் ஜனம் அதைப் பார்த்து என்ன சொல்கிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டுமாம். வெள்ளைக்காரி கேட்டால் ஆதிமூலம் மாட்டேன் என்பாரா? முதல் ஆட்டத்துக்கு முன்னால் போடச் சொல்லிவிட்டார்.

காஜா போட்டான். திரையில் ஒரு பெண்ணின் முகம். முகம் மட்டும்தான். இந்தப் பக்கம் பார்த்தபடி இருந்தது. இருந்தது. இருந்துகொண்டே இருந்தது.

மாட்டிக்கொண்டது! காஜாவின் கை ஸ்விட்சுக்குப் பாய்ந்தது. ஆனால் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. பிலிம் ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டும் பார்த்தான். ஓடுகிற பிலிமில் ஓடாத படமா? யா அல்லா, இதென்ன கூத்து!

கீழே விசில் பறந்தது. "டேய் ஆபரேட்டரு, தூங்கிட்டியா? படம் மாட்டிக்கிச்சிடா!"

அப்போது அந்த முகம் கண்ணைச் சிமிட்டியது.

காஜாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. உயிரோடு இருக்கிறாள்! இத்தனை நேரமும் சும்மா பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஒரு முகத்தை இவ்வளவு நேரம் நேருக்கு நேராக அவன் பார்த்ததே இல்லை. கட்டிய மனைவி சபுராவைக்கூட இப்படிப் பார்த்ததில்லை. மெஷினை மறந்துவிட்டு நின்றான்.

ஆதிமூலம் மூச்சிரைக்க மெஷின் ரூமுக்குள் வந்தார். "நிறுத்துடா! பிலிம் வெந்து போச்சின்னா மதாமுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

அவர் கை ஸ்விட்சுக்கு நீண்டது. காஜா குறுக்கே நின்றான்.

"வேவுல மொதலாளி. படமே அப்படித்தான். அந்தக் கண்ண மட்டும் பாருங்க."

"எதுத்தா பேசற? இன்னியோட உன் வேல முடிஞ்சிது!"

"முடியட்டும் மொதலாளி. இப்ப நிறுத்த மாட்டேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. வீட்டில் நாலு பிள்ளைகள். ஆதிமூலம் பல்லைக் கடித்துக்கொண்டு சுவர் ஓட்டை வழியாகத் திரையைப் பார்த்தார்.

"சிமிட்டிச்சி! சிமிட்டிச்சிடி!" என்று பெண்கள் பக்கமிருந்து பவுனம்மாள் கத்தினாள். விசில் நின்றது. பிறகு பேச்சும் நின்றது. அந்தப் பெண்ணின் இடது கண்ணில் நீர் கட்டியது. ததும்பியது. விழுமா, விழாதா? முந்நூறு பேர் வாயைப் பிளந்துகொண்டு அந்த ஒரு சொட்டுக்காகக் காத்திருந்தார்கள். விழுந்தது. கொட்டகை முழுவதும் 'ஐயோ' என்றது.

பிலிம் முடிந்தது. காஜா பல்பை அணைத்தான். மனசு நிறைந்திருந்தது. ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து பனியன் மேல் போட்டுக்கொண்டான்.

"வரேன் மொதலாளி."

ஆதிமூலம் ஓட்டையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"எங்கடா போற? கீழ போயி மதாமக் கேட்டுட்டு வா. எதுத்தாப்ல கேமராவ வெச்சிகினு ஒக்காந்திருந்தானே, அந்த ஆளு, ஏம்மா அழுவுறன்னு அந்தப் பொண்ணக் கேட்டானா இல்லியா?"