சீசன் முடிந்தபின் வரும் வாலாட்டி

குற்றாலத்தில் சாரல் ஓய்ந்து, குளிக்க வந்த கூட்டம் தென்காசி ரயில் நிலையத்துக்கு வண்டி கட்டிய பிறகுதான் உலகம்மையின் குருவி வரும். ஆவணிக் கடைசியில் வந்து பங்குனியில் போய்விடும். மஞ்சள் வயிறு, சாம்பல் முதுகு, ஓயாமல் மேலும் கீழும் ஆடும் நீண்ட வால். உலகம்மை காவல் காக்கும் பங்களாவின் பின்புறம் ஓடும் வாய்க்காலில் ஒரே கல்லைத் தனக்கென்று வைத்துக்கொண்டு, வேறொரு வாலாட்டி வந்தால் விரட்டும். அதன் இடக்காலில் ஒரு விரல் இல்லை. வருவது அதே குருவிதான் என்பதை அந்தக் குறையைக் கொண்டே நான்கு ஆண்டுகளாக அவள் அறிந்திருந்தாள்.

பங்களாவின் சொந்தக்காரர், ஓய்வு பெற்ற சப்-ஜட்ஜ் பலவேசம் பிள்ளை, இதை நம்பவில்லை. அவர் ஆனியில் வந்து ஆவணிப் பாதியில் திருநெல்வேலிக்குத் திரும்புகிறவர். குற்றாலத்துப் பறவைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த புத்தகத்தில், சாம்பல் வாலாட்டி இவ்வூரில் இல்லை என்று தீர்ப்பளித்திருந்தார். பன்னிரண்டு சீசனாகத் தம் கண்ணில் படாத பறவையைப் பங்களாவைக் காக்கும் பெண் கண்டாளாம், கால் விரலைக்கூட எண்ணினாளாம் என்று விருந்தினரிடம் சொல்லிச் சிரித்தார். சமையற்காரன் முத்துவடிவும் சேர்ந்துகொண்டான்.

“யக்கா, ஒன் குருவி எந்த வண்டியில வருது? டேசனுக்குப் போயிக் கூட்டிட்டு வாரேன்.”

பக்கத்து ஊரான இலஞ்சியில் தண்ணீர் முறைத் தகராறு வந்தால் இரு தரப்பாரும் உலகம்மையையே சாட்சிக்கு அழைப்பார்கள். அவள் சொல்லுக்கு அத்தனை மதிப்பு. அதற்கு இழுக்கு வருவதை அவள் பொறுக்கவில்லை. இடுப்பிலிருந்த பங்களாச் சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“எசமான் இந்தத் தடவை ஆவணி முடியிற வரைக்கும் இருந்து பாருங்க. குருவி வரலன்னா இந்தச் சாவிய நான் தொடமாட்டேன்.”

பிள்ளை தங்கினார். விருந்தினர் போயினர், வெயில் ஏறியது, அருவி இளைத்தது. ஆவணி இருபத்தெட்டிலும் கல் வெறுமையாகவே இருந்தது. முத்துவடிவு கேலியை நிறுத்திவிட்டான். அதுதான் உலகம்மைக்கு அதிகம் வலித்தது.

முப்பதாம் நாள் காலையில் வாய்க்காலுக்கு மேலே ‘சிட்சிட்’ என்ற கூரிய குரல் கேட்டது. ஏறியும் இறங்கியும் பறந்து வந்த குருவி நேரே தன் கல்லில் இறங்கி வாலை ஆட்டியது. அது பனிமலைக்கு அப்பாலிருந்து வரும் இனம் என்று பிள்ளையின் புத்தகங்கள் கூறின. அவர் தொலைநோக்கியில் நெடுநேரம் பார்த்தார். ஒரு விரல் குறைந்த காலையும் பார்த்தார். தவறு தம்முடையதே என்று ஒப்புக்கொண்டார். பிறகு உள்ளே போய்த் துப்பாக்கியோடு வந்தார். வெறும் கண் சாட்சியைப் பறவைச் சங்கத்தார் ஏற்கமாட்டார்கள் என்றும், பஞ்சடைத்த உடலைக் காட்டினால்தான் அச்சேறும் என்றும், அவள் பெயரையும் சேர்த்தே போடுவதாகவும் பொறுமையாக விளக்கினார்.

உலகம்மை வாய்க்காலில் இறங்கினாள். குருவி எழுந்து பறந்தது.

“அது இந்தக் கல்லுக்குத்தான் திரும்பி வரும். நீ சொன்னதுதானே?” என்றார் பிள்ளை.

“வரும். நானும் இங்கனதான் நிப்பேன்.”

“ஏட்டி, உடல் இல்லன்னா இந்தப் பறவை இங்க கிடையாதுன்னுதான் அச்சாகும். நீ பொய்க்காரிதான்.”

“எழுதிக்கிடுங்க எசமான். பொய்க்காரியாவே இருந்துட்டுப் போறேன்.”

முழங்கால் தண்ணீரில் உச்சிப்பொழுதுவரை நின்றாள். குருவி இருமுறை திரும்பி வந்தது. இருமுறையும் அவளே கை வீசி விரட்டினாள். பிள்ளை மாலை வண்டிக்குப் புறப்பட்டார். மேசைமேல் இருந்த சாவிக்கொத்தை அவரே எடுத்துச் சென்றார்.

மறு ஆண்டு புத்தகம் வெளிவந்தது. ஆவணிக் கடைசியில் வாய்க்காலின் அக்கரையில், ஊர்ப் பொதுநிலத்தில் நின்றிருந்த உலகம்மையிடம், முத்துவடிவு அதை விரித்து வைத்து ஒரு வரியை எழுத்துக்கூட்டிப் படித்தான்.

“யக்கா, ஒன் குருவி குற்றாலத்துலயே கெடையாதாம்.”

“மெதுவாப் படி,” என்றாள் அவள், கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல். “பறந்துரப் போகுது.”